ஒளி உண்ணும் உயிர்கள் – 9: நடுக்கம் திறந்த வழி

பச்சையம் ஓர் ஒளித்துகளை விழுங்கியதும் அதன் எலக்ட்ரான் அமைப்பு கிளர்வுநிலைக்கு ஏறுகிறது. அந்த நிலை நெடுநேரம் நிற்பதில்லை. சில நானோ வினாடிகளுக்குள், அதாவது ஒரு வினாடியை நூறு கோடியாகக் கூறுபோட்டால் அதில் சில கூறுகளுக்குள், ஆற்றல் பக்கத்து மூலக்கூறுக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் மங்கிய சிவப்பு ஒளியாகவோ வெப்பமாகவோ அது வீணாகும்.

அந்தச் சிறு பொழுதிலும் மூலக்கூறு தனியாக இருப்பதில்லை. சுற்றியுள்ள புரதம் அசைகிறது, நீர் மூலக்கூறுகள் முட்டுகின்றன, அருகிலுள்ள மின்னூட்டங்கள் இடம் மாறுகின்றன. ஒவ்வோர் அசைவுக்கும் பச்சையத்தின் ஆற்றல்மட்டம் கொஞ்சம் ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது. வெப்பம் உள்ளவரை இந்த நடுக்கம் ஓயாது. ஆற்றல் கைமாறுவதற்கு இது தடையா, துணையா என்ற கேள்விக்குக் கடந்த நூறு ஆண்டுகளில் வந்த பதில்களே இந்தப் பகுதி.

ஆவியும் கரைசலும்

கதை 1922-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் தொடங்குகிறது. குந்தர் காரியோவும் ஜேம்ஸ் ஃபிராங்க்கும் ஒரு குடுவையில் பாதரச ஆவியையும் தாலிய ஆவியையும் கலந்து, அதன்மீது 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். அந்த ஒளியைப் பாதரச அணு உறிஞ்சும். தாலிய அணு உறிஞ்சாது. ஆனாலும் குடுவையிலிருந்து வந்த ஒளியில் தாலியத்துக்கே உரிய பச்சைக் கோடு தெரிந்தது. (தாலியம் என்ற பெயரே பச்சைத் துளிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.) பாதரசம் வாங்கியதைத் தாலியம் செலவழித்தது. ஆவியில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன; மோதலின்போது ஆற்றல் கைமாறியது என்று சொல்லிவிட முடிந்தது.

கரைசலில் அந்த விளக்கம் எடுபடவில்லை. 1924-ல் கவியோலாவும் பிரிங்ஸ்ஹைமும் சாயங்களைக் கிளிசரின் போன்ற கெட்டியான நீர்மத்தில் கரைத்துப் பார்த்தார்கள். ஒரே திசையில் அதிரும் ஒளியைப் பாய்ச்சினால், சாயம் திருப்பி உமிழும் ஒளியும் பெரும்பாலும் அதே திசையைக் காக்க வேண்டும். ஏனெனில் கெட்டியான நீர்மத்தில் மூலக்கூறு சட்டென்று திரும்பிக்கொள்ள முடியாது. சாயத்தின் செறிவைக் கூட்டக் கூட்ட இந்தத் திசை ஒழுங்கு கலைந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கும் முன்பே கலைந்தது என்பதுதான் புதிர். ஒளியை வாங்கிய மூலக்கூறு ஒன்று, உமிழ்ந்தது வேறு திசையில் கிடந்த இன்னொன்று. மோதலே இல்லாமல், இடைவெளியைத் தாண்டி ஆற்றல் போயிருக்கிறது.

தந்தையும் மகனும்

இந்தப் புதிரை முதலில் கையில் எடுத்தவர் பாரிஸில் இருந்த ழான் பெரேன். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதை அளந்து, அணுக்கள் மெய்யாகவே உள்ளன என்று உலகை ஏற்கவைத்தவர் அவர். 1926-ல் நோபல் பரிசு பெற்றதும் அந்த வகைப் பணிக்காகத்தான். ஒளிரும் மூலக்கூறுகளை அவர் சின்னஞ்சிறு வானொலி அலைபரப்பிகளைப் போலக் கருதினார். ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு மூலக்கூறுகள் அருகருகே இருந்தால், ஒன்றின் அதிர்வு மற்றொன்றை எழுப்பும். கணக்குப் போட்டதில், சுமார் 100 நானோமீட்டர் இடைவெளியிலும் ஆற்றல் தாராளமாகக் கைமாற வேண்டும் என்று வந்தது. சோதனையில் தெரிந்த தூரமோ சில நானோமீட்டர்தான். பிழை சிறியதன்று, ஏறத்தாழ இருபது மடங்கு.

பிழை எங்கே என்று முதலில் சுட்டியவர் அவருடைய மகன் ஃபிரான்சிஸ் பெரேன். மூலக்கூறு ஒரே சுருதியில் நிற்பதில்லை, கரைப்பானின் மோதல்கள் அதன் அதிர்வெண்ணை அங்குமிங்கும் தள்ளுகின்றன என்று அவர் 1932-ல் வாதிட்டார். இரண்டு மூலக்கூறுகளும் சுருதி சேர்ந்திருக்கும் நேரம் மொத்த நேரத்தில் ஒரு சிறு பங்குதான். அதைக் கணக்கில் சேர்த்ததும் தூரம் சுமார் 20 நானோமீட்டருக்குச் சுருங்கியது. அதுவும் மிகைதான், ஆனால் சரியான திசை. நீர்மத்தின் துடிப்பை உலகுக்குக் காட்டிய தந்தை இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கத் தவறினார்; மகன் சேர்த்தார். அறிவியல் வரலாற்றில் இத்தனை கச்சிதமான முரண் அடிக்கடி வாய்ப்பதில்லை.

மூன்று எப்படி ஆறானது

அதே 1932-ல் அமெரிக்காவில் ராபர்ட் எமர்சனும் வில்லியம் ஆர்னால்டும் குளோரெல்லா என்ற பாசியின்மீது மிகக் குறுகிய ஒளி மின்னல்களைப் பாய்ச்சி, வெளிவரும் ஆக்சிஜனை அளந்தார்கள். எவ்வளவு பிரகாசமான மின்னலாக இருந்தாலும், ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு மேல் கிடைக்கவில்லை. 1936-ல் காஃப்ரனும் வோலும் இதன் பொருளைப் பிரித்துச் சொன்னார்கள்: நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் ஒளியை வாங்கி, வேதிவினை தொடங்கும் ஒரே வினைமையத்துக்கு அனுப்புகின்றன. எப்படி அனுப்புகின்றன என்பது தெரியவில்லை. ஆர்னால்ட் இதை ராபர்ட் ஓப்பன்ஹைமரிடம் கொண்டுபோனார்; ஓப்பன்ஹைமர் அணுக்கருவில் நடக்கும் ஒத்த நிகழ்வைச் சுட்டி 1941-ல் ஒரு சுருக்கக் குறிப்பு வெளியிட்டார். இடையில் போரும் லாஸ் அலமாஸ் அணுகுண்டுத் திட்டமும் வந்தன. இருவரும் சேர்ந்து எழுதிய முழுக் கட்டுரை 1950-ல்தான் அச்சேறியது.

அதற்குள் தியடோர் ஃபோர்ஸ்டர் முந்திக்கொண்டார். போருக்குப் பிந்தைய கோட்டிங்கனில் இருந்து 1946-ல் ஒரு கட்டுரையும், குவாண்டம் விசையியலின் முழுக் கணிப்போடு 1948-ல் இன்னொரு கட்டுரையும் எழுதினார். அவருடைய சூத்திரம் இன்றும் ஆய்வகங்களில் நாள்தோறும் புழங்குகிறது. அதில் சூழலின் நடுக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒரே கொடிக்கயிற்றில் ஒரே நீளமுள்ள இரண்டு ஊசல்களைத் தொங்கவிட்டு, ஒன்றை மட்டும் ஆட்டிவிட்டால், அதன் ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்து மற்றது ஆடத் தொடங்கும். பிறகு ஆட்டம் முதல் ஊசலுக்கே திரும்பும். தொந்தரவே இல்லாத இரண்டு மூலக்கூறுகளும் இப்படித்தான் ஆற்றலை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளும். ஆட்டம் முழுதாகக் கைமாற எடுக்கும் நேரம் இரண்டுக்கும் இடையிலான பிணைப்பின் வலிமையைப் பொறுத்தது. மூலக்கூறுகள் இங்கே மின் இருமுனைகளாக நடந்துகொள்கின்றன; இரண்டு இருமுனைகளுக்கு இடையிலான பிணைப்பு, தூரத்தின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ழான் பெரேனின் கணக்கு நின்றது இந்த மூன்றின்மேல்தான்.

இப்போது யாரோ ஒருவர் ஊசல்களை இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருப்பதாகக் கொள்ளலாம். ஆட்டம் முழுதாகப் போவதற்குள் தாளம் பிசகிவிடுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் ஒரு சிறு பங்கே அடுத்த பக்கம் போய்ச்சேர்கிறது. அடுத்த தட்டுக்குப் பிறகு கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. கரைசலில் இந்தத் தட்டு ஏறத்தாழ 100 ஃபெம்டோ வினாடிக்குள் விழுந்துவிடும். (ஒரு நானோ வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு ஃபெம்டோ வினாடி.) குவாண்டம் விதிப்படி, கைமாறும் நிகழ்தகவு பிணைப்பின் இருமடிக்கு நேர்விகிதம். மூன்றாம் படியை இருமடியாக்கினால் ஆறாம் படி. ஃபோர்ஸ்டரின் சூத்திரத்தில் வரும் புகழ்பெற்ற ஆறு இப்படித்தான் பிறந்தது. தூரம் பாதியானால் வேகம் 64 மடங்கு கூடும். இரட்டிப்பானால் 64-ல் ஒரு பங்காகும். தூரத்தோடு இத்தனை கூர்மையாக மாறும் அந்தப் பண்பு சூழலின் தட்டுகள் தந்த கொடை.

கொடை அதோடு நிற்கவில்லை. வழங்கும் மூலக்கூறின் உமிழ்வு நிறமாலையும் ஏற்கும் மூலக்கூறின் உறிஞ்சல் நிறமாலையும் எந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ அந்த அளவுக்குத்தான் ஆற்றல் போகும் என்றார் ஃபோர்ஸ்டர். நிறமாலைக் கோடுகள் ஊசிபோல் மெலிந்திருந்தால், சுருதி சற்றே வேறுபட்ட இரண்டு மூலக்கூறுகளுக்குப் பொதுவான இடமே இருக்காது. கோடுகளை அகன்ற மேடுகளாக்குபவை மூலக்கூறின் உள்ளதிர்வுகளும் சூழலின் நடுக்கமுமே. ஆக, ஒத்த மூலக்கூறுகளின் பரிமாற்றத்தைச் சூழல் மந்தமாக்குகிறது. ஒவ்வாத மூலக்கூறுகளின் பரிமாற்றத்தை அதே சூழல் சாத்தியமாக்குகிறது. இந்த இரட்டை வேடம் ஃபோர்ஸ்டரின் சூத்திரத்திலேயே எழுதியிருந்தது. அதை உரக்கப் படிக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின.

மூலக்கூறு அளவுகோல்

1967-ல் லுபர்ட் ஸ்ட்ரையரும் ரிச்சர்ட் ஹாக்லண்டும் ஆறாம் படியை நேரடியாகச் சோதித்தார்கள். புரோலின் என்ற அமினோ அமிலத்தை 1 முதல் 12 வரை கோத்தால் அது வளையாத ஒரு குச்சியாக நிற்கும். குச்சியின் ஒரு முனையில் ஆற்றல் வழங்கும் மூலக்கூறு, மறுமுனையில் ஏற்கும் மூலக்கூறு. நீளம் சுமார் 1.2 நானோமீட்டரிலிருந்து 4.6 நானோமீட்டர் வரை மாறியது. அளந்து கிடைத்த அடுக்கு 5.9, பிழை வரம்பு 0.3. இதை மூலக்கூறுகளின் தூரம் அளக்கும் அளவுகோலாகவே பயன்படுத்தலாம் என்று அவர்கள் அறிவித்தார்கள். புரதம் மடிவதையும் டி.என்.ஏ. முறுக்கவிழ்வதையும் இன்று அளப்பது இந்தக் கோலால்தான்.

இந்தக் கோலில் ஒரு வழுக்கலான இடம் உண்டு. அங்கும் சூழலே பொறுப்பு. இரண்டு இருமுனைகள் எந்தக் கோணத்தில் ஒன்றையொன்று பார்க்கின்றன என்பதைப் பொறுத்து ஒரு காரணி 0 முதல் 4 வரை மாறும். இருமுனைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கிடந்தால், எத்தனை நெருங்கியிருந்தாலும் ஆற்றல் போகாமலே நின்றுவிடலாம். கிளர்வுநிலை நீடிக்கும் சில நானோ வினாடிகளுக்குள் கரைப்பானின் முட்டல்கள் மூலக்கூறை எல்லாப் பக்கமும் சுழற்றிவிட்டால் அந்தக் காரணியின் சராசரி மூன்றில் இரண்டு பங்கு. பெரும்பாலான அளவீடுகளில் கண்ணை மூடிக்கொண்டு இந்த எண்ணைத்தான் போடுகிறார்கள். மூலக்கூறு புரதத்தின் ஒரு மடிப்பில் சிக்கி, சுழல முடியாமல் கிடந்தால் அந்த எண் பொய்க்கும், அளந்த தூரமும் பொய்க்கும்.

நெருக்கடி மிகுந்த இடத்தில்

ஃபோர்ஸ்டரின் கணிப்பில் ஒரு நிபந்தனை மறைந்திருந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் முன்பு சூழல் முழுமையாகத் தணிந்து, பழைய தாவலை மறந்துவிட வேண்டும். கரைசலில் மூலக்கூறுகள் 5 நானோமீட்டர் இடைவெளியில் இருக்கும்போது இது பொருந்தும். ஒளிச்சேர்க்கைப் புரதங்களுக்குள்ளே பச்சையங்கள் 1 முதல் 1.5 நானோமீட்டர் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. தாவல் ஒரு பிக்கோ வினாடிக்குள் (ஆயிரம் ஃபெம்டோ வினாடி), சில இடங்களில் அதற்கும் மிகக் குறைவான நேரத்தில், முடிந்துவிடுகிறது. சூழல் மூச்சு விடுவதற்குள் ஆற்றல் அடுத்த வீட்டில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான எல்லையை 1931-ல் யாக்கோவ் ஃபிரெங்கல் காட்டியிருந்தார். ஒழுங்கான படிகத்தில் கிளர்ச்சி ஒரு மூலக்கூறில் தங்காமல், பல மூலக்கூறுகளில் அலையாகப் பரவி நிற்கலாம் என்பது அவர் கருத்து. ஒரு முனையில் அலை, மறு முனையில் தாவல். இடைப்பட்ட பகுதிக்கு வழிசொல்ல 1950-களிலிருந்து பலர் முயன்றார்கள். 1957-ல் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக்காக எழுதிய சமன்பாடு பிறகு இங்கே குடிபெயர்ந்தது. 1958-ல் பிலிப் ஆண்டர்சன் வேறொரு திடுக்கிடும் முடிவைத் தந்தார்: ஆற்றல்மட்டங்கள் ஒழுங்கின்றி ஏறியும் இறங்கியும் உறைந்து கிடக்கும் அமைப்பில், அலை எங்கும் போகாமல் ஓரிடத்திலேயே முடங்கிவிடும். குளிரவைத்து, நடுக்கத்தை முழுதும் நிறுத்தினால் ஆற்றல் தடையின்றி ஓடும் என்ற எண்ணத்துக்கு இது பெரிய அடி. உறைந்த ஒழுங்கின்மை சிறைபோல ஆகிவிடுகிறது.

1970-களின் தொடக்கத்தில் ஷ்டுட்கார்ட்டில் ஹெர்மன் ஹாக்கனும் கெர்ட் ஷ்ட்ரோபலும் ஓர் எளிய மாதிரியை முன்வைத்தார்கள். 1973-ல் அது முழு வடிவம் பெற்றது. ஃபோர்ஸ்டர் தம் கடைசிக் காலத்தைக் கழித்த நகரமும் ஷ்டுட்கார்ட்டே. சூழலின் ஒவ்வோர் அணுவையும் கணக்கிட வேண்டாம். ஆற்றல்மட்டங்கள் நினைவற்ற இரைச்சலால் ஏறி இறங்குவதாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இரைச்சல் குறைவென்றால் அலை, மிகுந்தால் தாவல். ஒரே சமன்பாட்டில் இரண்டும் கிடைத்தன. மாதிரியின் குறையும் வெளிப்படையானது. உண்மையான சூழல் ஆற்றல்மட்டத்தை ஆட்டுவதோடு நிற்காமல், மிஞ்சிய ஆற்றலை வாங்கியும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஆற்றல் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்குவதே எளிது, திரும்பி ஏறுவது கடினம். ஹாக்கன்–ஷ்ட்ரோபல் மாதிரியில் ஏற்றமும் இறக்கமும் ஒரே விலை. அது முடிவிலா வெப்பநிலைக்கு ஒப்பானது.

மிகையான இரைச்சல் என்ன செய்யும் என்பதற்கு வேறொரு திசையிலிருந்து பதில் வந்தது. ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் நோட்டம் விட்டுக்கொண்டே இருந்தால் அது இருந்த நிலையிலேயே உறைந்துவிடும் என்று பி. மிஸ்ராவும் ஜார்ஜ் சுதர்சனும் 1977-ல் டெக்சாஸிலிருந்து எழுதினார்கள். கோட்டயத்தில் பிறந்த சுதர்சன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். அம்பு நகராது என்று வாதிட்ட கிரேக்கத் தத்துவஞானி சீனோவின் பெயரை இந்த விளைவுக்கு வைத்தவர்களும் இவர்களே. மூலக்கூறைச் சூழல் ஓயாமல் தட்டுவதும் ஒருவகை நோட்டம்தான். தட்டு மிகுந்தால் ஆற்றல் கிளம்பவே முடியாமல் நின்ற இடத்தில் நிற்கும்.

ஏழு குழிகள்

இந்தக் கோட்பாடுகளுக்குக் களமாக அமைந்தது ஒரு சிறு புரதம். கந்தகம் நிறைந்த, வெளிச்சம் அரிதான நீரில் வாழும் பச்சைக் கந்தக பாக்டீரியாவிலிருந்து ஜான் ஓல்சன் 1962-ல் அதைப் பிரித்தெடுத்தார். 1975-ல் ரோஜர் ஃபென்னாவும் பிரையன் மாத்யூஸும் ஊடுகதிரைக் கொண்டு அதன் வடிவத்தைக் கண்டார்கள். பச்சைய வகை நிறமியைச் சுமக்கும் புரதங்களில் முதன்முதலாக வடிவம் தெரிந்தது இதற்குத்தான். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் எஃப்.எம்.ஓ. என்று அழைக்கப்படுகிறது. மூன்று ஒத்த அலகுகள். ஒவ்வொன்றிலும் ஏழு பாக்டீரியப் பச்சையங்கள். எட்டாவது ஒன்று அலகின் ஓரத்தில் ஒட்டியிருப்பது பின்னாளில் தெரியவந்தது. ஒளி வாங்கும் பெரிய உறுப்புக்கும் வினைமையத்துக்கும் நடுவே பாலம்போல் நின்று, சில பிக்கோ வினாடிகளில் ஆற்றலைக் கடத்துவது இதன் வேலை.

ஏழு நிறமிகளும் வேதியியலில் ஒன்றே. ஆனால் ஒவ்வொன்றையும் புரதம் வெவ்வேறு விதமாகப் பற்றியிருப்பதால் ஆற்றல்மட்டங்கள் வேறுபடுகின்றன. நிறமாலையியலில் வழங்கும் அலையெண் அலகில் சொன்னால், அந்த வேறுபாடு சென்டிமீட்டருக்குச் சில நூறு. நிறமிகளுக்கு இடையிலான பிணைப்பு மிகுதியாகப் போனால் 100-ஐ ஒட்டி வரும். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் அதே அலகில் சுமார் 208. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எது பெரிது, எதைப் புறக்கணிக்கலாம் என்று சொல்ல முடியாத இந்த நிலைதான் கோட்பாட்டாளர்களின் தலைவலி.

ஆழம் வேறுபட்ட ஏழு குழிகளுள்ள பல்லாங்குழிப் பலகை ஒன்றில் ஒரு சோழியை வைத்தால், பலகை அசையாதவரை அது விழுந்த குழியிலேயே கிடக்கும். லேசாகக் குலுக்கினால் குழிவிட்டுக் குழி நகர்ந்து, ஆழமான குழியில் போய்த் தங்கும். வெறிகொண்டு ஆட்டினால் எங்கும் தங்காது. உவமைக்கு எல்லை உண்டு: குவாண்டம் சோழி ஒரே நேரத்தில் பல குழிகளில் பரவி நிற்கக்கூடியது, இரண்டு வழிகளில் வந்த அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் கூடியது. அப்படி அழிந்தால் வழி திறந்திருந்தும் ஆற்றல் போகாது.

660 ஃபெம்டோ வினாடி

2007 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிரகாம் ஃபிளெமிங்கின் குழு, கிரெகரி எங்கலை முதல் ஆசிரியராகக் கொண்டு, நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அடுத்தடுத்து லேசர் துடிப்புகளைப் பாய்ச்சி எஃப்.எம்.ஓ. புரதத்தைப் படம்பிடித்ததில், சமிக்ஞை ஏறியும் இறங்கியும் ஊசலாடியது. அந்த ஊசலாட்டம் 660 ஃபெம்டோ வினாடி வரையாவது நீடித்தது. ஆற்றல் அலையாக நின்று பல வழிகளையும் ஒரே சமயத்தில் துழாவிப் பார்க்கிறது என்று விளக்கம் தரப்பட்டது. சோதனை நடந்த வெப்பநிலை 77 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். புரதத்தைத் தந்த பாக்டீரியாவோ நியூசிலாந்தின் வெந்நீர் ஊற்றில் கிடைத்தது. 48 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் நன்றாக வளரும்.

இலைகள் குவாண்டம் கணினிகள் என்ற ரீதியில் செய்தித்தாள்கள் எழுதின. 2010-ல் இரண்டு குழுக்கள், ஒன்று கடற்பாசிப் புரதத்திலும் மற்றொன்று எஃப்.எம்.ஓ.-விலும், சாதாரண வெப்பநிலையில்கூட ஊசலாட்டம் தெரிவதாகச் சொன்னதும் ஆரவாரம் கூடியது. சூழலின் தட்டுகளை மீறி அலை எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு, நிறமிகள் எல்லாம் புரதத்தோடு சேர்ந்து ஒரே தாளத்தில் ஆடுகின்றன, அதனால் ஒப்பீட்டளவில் யாருக்கும் பிசகு இல்லை என்ற கருத்து எழுந்தது. அழகான கருத்து. 2011-ல் கணினியில் புரதத்தின் அசைவுகளை அணு அணுவாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது ஆற்றல்மட்டங்களின் நடுக்கத்தில் அப்படிப்பட்ட கூட்டுத்தாளம் சொல்லும்படியாக இல்லை.

ஆரவாரத்தின் நடுவே உருப்படியாக விளைந்தது வேறொன்று. 2008-ல் மசூத் மொஹசேனி, பேட்ரிக் ரெபென்ட்ரோஸ்ட், சேத் லாய்ட், ஆலான் அஸ்பூரு-குஸிக் ஆகியோர் ஒரு பக்கமும், மார்ட்டின் பிளெனியோ, சுசானா ஹுவெல்கா இருவரும் மறுபக்கமும், ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். எஃப்.எம்.ஓ. போன்ற வலைப்பின்னலில் இரைச்சலைச் சுழியத்திலிருந்து படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போனால், கடத்தும் திறன் முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. இரைச்சல் அறவே இல்லாதபோது ஆண்டர்சன் சொன்ன முடக்கமும் அலைகளின் பரஸ்பர அழிப்பும் ஆற்றலைக் கட்டிப்போடுகின்றன. மிதமான இரைச்சல் ஏறுமாறான மட்டங்களை அவ்வப்போது சமன்செய்கிறது, அழித்துக்கொள்ளும் அலைகளின் தாளத்தையும் கலைத்துவிடுகிறது. மிகுந்தால் சுதர்சனின் உறைநிலை. அறை வெப்பநிலையில் புரதம் தரும் இயல்பான நடுக்கம் அந்த உச்சத்தின் அகன்ற மேட்டில்தான் விழுகிறது. உச்சி கூராக இல்லாமல் அகன்றிருப்பது முக்கியம். வெயிலும் குளிரும் மாறி மாறி வந்தாலும் திறன் அதிகம் குறையாது.

இந்த முடிவுக்கும் 660 ஃபெம்டோ வினாடிக்கும் உண்மையில் பெரிய உறவு இல்லை. முன்னது அலை நெடுநேரம் பிழைக்காததால் வரும் நன்மையைப் பேசுகிறது. பின்னது அலை பிழைப்பதைப் பேசுகிறது. இரண்டும் ஒரே பரபரப்பில் பிறந்ததால் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள்.

திருத்தம்

ஊசலாட்டத்தின் மூலம் பற்றிய ஐயம் விரைவில் வலுத்தது. 2013-ல் கொலராடோவில் டேவிட் ஜோனாஸின் குழு, நிறமியின் உள்ளதிர்வுகளே அந்தச் சமிக்ஞையைத் தோற்றுவிக்கக்கூடும் என்று காட்டியது. இரண்டு நிறமிகளின் ஆற்றல் வேறுபாடும் ஓர் அதிர்வின் ஆற்றலும் ஒத்துப்போகும்போது, எலக்ட்ரான் அலையும் அணுக்களின் அதிர்வும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதிர்வு நெடுநேரம் நீடிப்பதில் வியப்பில்லை. 2017-ல் ஹாம்பர்க்கில் டுவைன் மில்லர் உள்ளிட்டோர் எஃப்.எம்.ஓ.-வை அறை வெப்பநிலையில் மீண்டும் அளந்தார்கள். எலக்ட்ரான் அலையின் ஒத்திசைவு சுமார் 60 ஃபெம்டோ வினாடியில் மறைந்துபோனது. 2020-ல் இத்துறையின் பல முகாம்களைச் சேர்ந்தவர்கள் கூட்டாக எழுதிய மறு ஆய்வுக் கட்டுரை அந்த முடிவை ஏற்றது: நெடுநேரம் நீடித்ததாகக் கருதப்பட்டவை பெரும்பாலும் அதிர்வுகள், இயற்கை அவற்றைக் குவாண்டம் தேடலுக்குப் பயன்படுத்துவதாகச் சான்று இல்லை.

கிளர்ச்சி பல நிறமிகளில் பரவி நிற்பது பொய்யென்று இதனால் ஆகிவிடவில்லை. பிணைப்பு வலுவாக உள்ள இடங்களில் அது பரவித்தான் நிற்கிறது. நிறமாலையே அதற்குச் சாட்சி. குலைந்துபோனது நீண்ட ஊசலாட்டத்தின்மேல் கட்டிய கதை மட்டும். ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு இறங்கும்போது மிஞ்சும் ஆற்றலை ஏற்றுக்கொள்ளச் சரியான அதிர்வுகள் சூழலில் இருக்க வேண்டும் என்பதே இன்று ஆய்வாளர்கள் அழுத்திச் சொல்லும் செய்தி. ஆட்டிவைக்கும் சூழலே ஆற்றலை உறிஞ்சும் சூழலும் ஆகும்.

இரைச்சலின் உதவி மட்டும் சோதனையில் தாக்குப்பிடித்தது. 2018-ல் சூரிக்கின் மீக்கடத்திச் சுற்றுகளிலும், 2019-ல் இன்ஸ்ப்ருக்கில் மின்புலத்தால் வரிசையாகப் பிடித்து நிறுத்திய 10 கால்சியம் அயனிகளிலும், ஆய்வாளர்கள் தாங்களே இரைச்சலை ஊட்டி, அதன் அளவை விரும்பியபடி கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். மூலக்கூறில் செய்யமுடியாத சோதனை இது. புரதத்தின் நடுக்கத்தைத் திருகுகுமிழ் வைத்துத் திருப்ப முடியாது. அயனிகளின் வரிசையில் இரைச்சல் இல்லாதபோது கிளர்ச்சி தேங்கியது, இடைப்பட்ட இரைச்சலில் மறுமுனையை அடைந்தது, மிகுந்தபோது மறுபடியும் தேங்கியது.

எஃப்.எம்.ஓ.-வைத் தாண்டிய ஆற்றல் வினைமையத்தை அடைந்ததும் எலக்ட்ரானே இடம்பெயரத் தொடங்குகிறது. அங்கே சூழலின் மறுசீரமைப்பு தாவலின் வேகத்தையே தீர்மானிக்கிறது. அதைக் கணக்கிட்ட ருடால்ஃப் மார்கஸின் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)